சஹனில் நான் போட்ட கோடு

அலவத்துகொட,
ஞாயிறு, அளவான பகல் சாப்பாட்டுக்குப் பின்.

பெருமதிப்புக்குரிய மச்சான் ஸமீம் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் நானும் தங்கள் தங்கை றம்லத்தும் சுகமே. அங்கே கெலிஓயாவில் தாங்களும் மைனியும், புதுப்பெண்ணாகிய தங்கள் மகள் சப்னாவும் மாப்பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆச் செய்கிறோம்.

நிற்க. சப்னாவின் கல்யாணச் சாப்பாட்டில் நான் மயங்கி விழுந்ததாகக் கெலிஓயாக் கடைத்தெருவில் ஒரு கதை உலாவுகிறதாம். அது பிழையான கதை. நான் உட்கார்ந்த இடத்திலேயே சற்றுச் சாய்ந்தேன். சாய்ந்த பக்கத்தில் தங்கள் மடி இருந்தது. நடந்தது அவ்வளவுதான், கேட்பவர்களுக்குத் தாங்களே இதைச் சொல்லிவிடவும்.

என் சீனி வருத்தத்தை, அதாவது நீரிழிவை, நான் அடக்கி வைத்திருக்கும் விதம் தங்களுக்குத் தெரியாததல்ல. போன வருஷம் இரத்தத்தில் மூன்று மாதச் சீனிச் சராசரி பதினொன்றில் நின்றது. இப்போது ஆறு தசம் எட்டு! அதைப் பார்த்த டொக்டர் துஷ்யந்தி கதிரையை விட்டே எழும்பிவிட்டார். (ஃபேனைப் போடத்தான் எழும்பினார் என்று றம்லத் சொல்வாள், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.) சுபஹுத் தொழுதுவிட்டு மேட்டுப் பாதையில் நடக்கிறேன், பிளேன்டீக்குச் சீனியுமில்லை, கருப்பட்டியுமில்லை. தட்டில் அரைவாசி மரக்கறி, கால்வாசி சோறு, கால்வாசி இறைச்சி அல்லது மீன் என்று டொக்டர் சொன்னாரா, அன்றிலிருந்து என் தட்டில் கரண்டிப் பிடியால் கோடு போட்டுத்தான் சோறு இறங்கும். இந்தப் பக்கத்தில் இப்படி ஒழுங்காக வருத்தம் வைத்திருக்கிற இன்னொரு ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம்.

அன்றைக்கும் என்னில் ஒரு பிழையும் இல்லை. சாப்பாடு ஒரு மணிக்கு என்று அழைப்பிதழில் இருந்தது, சீனியை இறக்கச் சாப்பாட்டுக்கு முன் போடும் குளிசையை நான் பன்னிரண்டரைக்கே போட்டுவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் கலகெதரயிலிருந்து வந்து கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டது என் குளிசைக்கு எப்படித் தெரியும்? பந்திக்கு முதல் கொடுத்த சர்பத்தையும் நான் தொடவில்லை, கொண்டுவந்தவருக்கே அதன் தீமைகளை விளக்கி அனுப்பினேன். ஒரு வழியாக எல்லாரும் வந்து, ஆறு ஆறு பேராகச் சுற்றி உட்கார்ந்து, நம் நடுவிலும் சஹன் வந்து மூடி திறந்ததும் நான் என்ன கண்டேன்? சஹன் நிறையப் புரியாணி! ஆறு பேர் கைபோடும் ஒரே தட்டு, மரக்கறி என்று பேருக்கு ஒரு துண்டு வெள்ளரிக்காய். பிஸ்மி சொல்லப் போன மாப்பிள்ளையின் பெரியவாப்பாவை நிறுத்தி, சோற்றைக் கால்வாசிக்கு ஒதுக்கிக் கோடு போட்டேன். மிச்ச இடத்துக்கு மரக்கறி வரும் வரைக்கும் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது என்றும் சொன்னேன். சமையல்காரர் அனுப்பியது இரண்டு பச்சைக் கரட், அதுவும் தோலோடு. பெரியவாப்பாவின் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. சம்பந்தம் முறிந்துவிடுமோ என்று தாங்கள் பயந்தீர்கள் போலும், மூன்று தரம் என்னிடம் ஏதோ சொல்ல வாய் திறந்தீர்கள். பாடம் நடக்கும்போது குறுக்கே பேசக்கூடாது என்று மூன்று தரமும் கையைக் காட்டி நிறுத்தினேன்.

அப்பதான் மச்சான், எனக்கு வேர்த்து, கை நடுங்கி, பெரியவாப்பா ரெண்டு பேராத் தெரிஞ்சார். நான் உங்க மடியில சாயும்போதே நீங்க என்னப் புடிச்சி, "குளிசை போட்டு எவ்ளோ நேரம்?" என்று கேட்டீங்க. என் பதிலுக்குக் காத்திருக்காம ஜேபுக்குள்ள கைய விட்டு ஒரு டொபிய எடுத்து என் வாயில வெச்சீங்க. "பேச வாணாம் மச்சான், சப்புங்க" என்றீங்க. பொறகு அந்தச் சர்பத்தையே குடிக்கத் தந்தீங்க. கொஞ்ச நேரத்துல பெரியவாப்பா திரும்ப ஒருத்தரானார். அந்த உபகாரத்துக்கு அல்லாஹ் உங்களுக்குக் கூலி தரட்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மகளுக்குக் கல்யாணம் செய்து கொடுக்கும் வயதில் ஒரு மனிதனின் ஜேபில் டொபி எதற்கு? சின்னப் பிள்ளையா நீங்கள்? இனிப்பு ஆசை அந்தளவுக்கு முற்றிவிட்டது. அப்படியிருந்தும் கடைசியில் இனிப்பு வட்டிலாப்பம் வந்ததும் தொடாமல் தள்ளி வைத்தீர்கள். மகளைப் பிரியும் கவலையில் என்று நினைத்து நானும் கண் கலங்கினேன். மச்சான், உங்கள் வாப்பாவுக்கு இதே சீனியால் காலை வெட்டி எடுத்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நாம் இரண்டு பேரும்தான் நின்றோம். உங்களையும் அப்படிப் பார்க்க எனக்கு ஏலாது. வாற புதன்கிழமை வெறும் வயிற்றோடு வாருங்கள், என் கிளினிக்குக்கு நானே கூட்டிப் போய் இரத்தம் எடுக்க வைக்கிறேன். பயப்பட வேண்டாம், என்னைப் போல் ஆக முடியாவிட்டாலும் என் பக்கத்தில் வரலாம்.

மைனிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். சப்னாவின் வீட்டில் பரக்கத் பொங்கட்டும். பெரியவாப்பாவிடம் என் சார்பில் மன்னிப்பும், கூடவே மரக்கறியின் பயன்களும் சொல்லவும்.

வஸ்ஸலாம்.
அன்பு மச்சான்,
றவூப்

பி.கு.: உறையை ஒட்டுமுன் றம்லத்துக்கு வாசித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் உரித்தபடியே, "ஸமீம் நானாவுக்கு எட்டு வருஷமாச் சீனி ஈக்கிது. போன மாசம் ஆறு தசம் ஒண்டு. சீனி எறங்கினாப் போடத்தான் டொபி வெச்சீக்கிறார்" என்றாள். இதை ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்ல வந்த நேரமெல்லாம் நான் கையைக் காட்டினேனாம். கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை, கையெழுத்து அழகாக விழுந்துவிட்டது. புதன்கிழமை கட்டாயம் வாருங்கள், டொக்டருக்கு முன்னால் மட்டும் உங்கள் ஆறு தசம் ஒன்றைச் சொல்ல வேண்டாம். வரும்போது அந்த டொபியில் ஒரு பக்கட் வாங்கி வரவும். அடுத்த முறை நான் சாயும் பக்கத்தில் உங்கள் மடி இருக்குமோ என்னமோ.