காய்ச்சலில் மாண்ட இளவரசன்

சிங்கப்பூரில் கப்பலை விட்டு இறங்கிய எல்லாருமே ராஜ வம்சம்தான். அடுத்த கப்பலில் சொந்த ஊர்க்காரன் எவனாவது வந்து சேரும் வரை. நானும் ஒரு பிற்பகல் முழுக்க அப்படி இருந்தேன்.

அப்போது நான் ஆற்றங்கரைச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் கணக்கெழுதும் கிராணி. சிராங்கூன் ரோட்டு மாட்டு வியாபாரி வீரப்பனின் மகள் தையல்நாயகியைக் கோயிலில் பார்த்ததிலிருந்து அரிசி மூட்டைக்கும் மிளகு மூட்டைக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது. பெண் கேட்கக் கிளம்பினேன். இந்த ஊரில் எனக்கு உறவென்று யாருமில்லாததால், மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் நானே.

கொட்டகையில் மாடுகள் கத்திக்கொண்டிருக்க, வீரப்பன் வெற்றிலையை மென்றபடி என் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார்.

எங்கள் முன்னோர் ஒரு காலத்தில் செவ்வந்திக்குறிச்சியை ஆண்டது உண்மைதான். மூன்று கிராமம், ஓர் ஏரி. சோழன் வந்தால் சோழனுக்குக் கப்பம். பாண்டியன் வந்தால் பாண்டியனுக்கு. இருவரும் ஒன்றாக வந்துவிட்டால் குடும்பத்தோடு மலையேறிவிடுவோம். (எங்கள் போர்க்கலை அவ்வளவுதான்.)

இதைச் சொன்னால் எவன் பெண் கொடுப்பான்? ஆகவே ஒரு போரைச் சேர்த்தேன். போருக்கு எதிரி வேண்டுமே. பக்கத்தில் ஆலங்காவல் என்று ஒரு சிற்றரசை அந்த நிமிஷமே உண்டாக்கி, அதன் அரசனை வேட்டி அவிழ ஏரிக்கரையில் ஓட விட்டேன்.

வீரப்பன் மெல்லுவதை நிறுத்தினார்.

"ஆலங்காவல் எங்க பாட்டன் பூட்டன் ஆண்ட சீமை, தம்பி."

பிறந்து கால் நாழிகைகூட ஆகாத ஊருக்கு எப்படி ஐயா வாரிசு வரும்? மனுஷர் புளுகுகிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் என் புளுகைச் சொல்லியாக வேண்டும். அவர் கையில் மாட்டை விரட்டும் தார்க்குச்சி வேறு இருந்தது.

அவசரமாகச் சமாதானம் பேசினேன். ஓடிய அரசர் திரும்பி வந்தார். எங்கள் அரசர் கட்டித் தழுவினார். பிள்ளையில்லாத அவருக்குத் தம் இளைய மகனையே சுவீகாரம் கொடுத்தார். அந்தப் பையன் வழியில்தான் ஆலங்காவல் வம்சமே தழைத்தது. சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவர் விரல்விட்டு முறையை எண்ணிப் பார்த்தார்.

"அப்படின்னா நாம பங்காளிங்க. எம்பொண்ணு உனக்குத் தங்கச்சி முறையாவுது."

என் கல்யாணத்தை என் வாயாலேயே முறித்துவிட்டிருந்தேன். கொட்டகை சுற்றியது, மாடுகளும் சேர்ந்து சுற்றின. ஒரே ஒரு வழிதான் தோன்றியது.

"அந்தப் பையன் செத்துட்டாங்க," என்றேன். "காய்ச்சல்."

வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து தையல்நாயகியின் குரல் வந்தது. "சாகறதுக்கு முந்தி கல்யாணம் கட்டுனானான்னு கேளுங்கப்பா."

"ஏழு வயசுங்க," என்று கிட்டத்தட்ட அழுதேன்.

வீரப்பன் என்னை வெகுநேரம் பார்த்தார். கதவையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாவம், நல்ல புள்ள. அப்புறந்தான் எங்க ஆளுங்க வேற எடத்துல புள்ளையத் தத்து எடுத்தாங்க. இப்ப ஞாபகம் வருது."

தை மாதம் கல்யாணம் நடந்தது. மாமனார் கடைசி வரை ஆலங்காவலை விட்டுக்கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வருஷா வருஷம் கல்யாண நாளன்று தையல்நாயகி ஒரு கரண்டிப் பாயசத்தைத் தனியே எடுத்துவைக்கிறாள், அந்த ஏழு வயதுப் பையனுக்காம். எனக்கு மிஞ்சினால்தான் உண்டு.

இன்றும் வீட்டில் யாருக்காவது உடம்பு சுட்டால், என் கடைக்குட்டி முதலில் வந்து அறைக் கதவைச் சாத்துவாள்.

"அப்பாவுக்குத் தெரிய வேணாம்," என்பாள். "அவர் வாயில காய்ச்சல்னு வந்துட்டா யாரும் பொழைக்கறதில்ல."