பண்ணியாச்சுக்காரர்

மனித குலத்தில் பண்ணியாச்சுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். எந்த வேலையைப் பற்றிக் கேட்டாலும் கேள்வி முடிவதற்குள் "பண்ணியாச்சு" என்று பதில் வந்துவிடும். அந்தச் சொல்லின் அழகைக் கவனியுங்கள்: நான் பண்ணினேன் என்றில்லை, அவன் பண்ணினான் என்றில்லை, வேலை தானாகவே எழுந்து தன்னைப் பண்ணிக்கொண்டுவிட்டது. அப்புறம் யாரைப் பிடித்துக் கேட்பது?

எனக்குத் தெரிந்த ஒருவர் கேபிள் தொழிற்சாலையில் சோதனை அறைக்குப் பொறுப்பாளர். செம்புக் கம்பியின் மேலுள்ள பிளாஸ்டிக் உறை மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பது உத்தியோகம். கேபிள் சுருளைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, கம்பிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்து, ஒரு நிமிடம் பொறுத்து, மீட்டரைப் படித்து, ஆஃப் செய்து, அதற்கப்புறம் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் கோலைக் கம்பியில் மாட்டிவிட்டுக் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஏனென்றால் ஆஃப் செய்தாலும் சுருளுக்குள் மின்சாரம் தங்கும்; உறை எவ்வளவு உசத்தியோ அவ்வளவு நேரம் தங்கும். அதை இறக்கிவிடுவதற்குத்தான் டிஸ்சார்ஜ் என்று பெயர். 'டிஸ்சார்ஜ் செய்யப்பட்டதா?' என்று படிவத்தில் ஒரு கட்டம்கூட உண்டு. நம்மவர் காலையில் வந்ததுமே சாயங்காலம் வரைக்கும் டிக் அடித்துவிடுவார். டிக் முத்து முத்தாக இருக்கும்.

அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர் சொந்தத் தங்கையின் கணவர். ஒருநாள் கம்பியைக் கழற்றப் போனவர் கேட்டார்.

"மச்சான், டிஸ்சார்ஜ் பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சு மாப்ளே."

"கோல் சுவத்துலயே தொங்குதே?"

"அட, பண்ணியாச்சுங்கறேன்ல! தைரியமா தொடுங்க."

தொட்டார். அடுத்த நொடி கதவோரம் கிடந்தார், மேலே ஸ்டூல் கிடந்தது. மூச்சு வந்தது, பேச்சு வரக் கொஞ்ச நேரமாயிற்று.

பாதுகாப்பு அதிகாரி ஓடி வந்தார். "யாருய்யா டிஸ்சார்ஜ் பண்ணது?" நம்மவர் படிவத்தை நீட்டினார். அதில் இன்னும் ஊறவே போடாத சுருள்களுக்கும் பண்ணியாகியிருந்தது.

இதயத் துடிப்பைக் கவனிக்க வேண்டுமென்று மாப்பிள்ளையை ஆஸ்பத்திரியில் ஒருநாள் படுக்க வைத்தார்கள். மறுநாள் தங்கை போன் செய்தபோது நம்மவர் கீழே ஆஸ்பத்திரி கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அவரை டிஸ்சார்ஜ் பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சும்மா."

"நீ கண்ணால பாத்தியா அண்ணே?" என்றாள்.

டீயை அப்படியே வைத்துவிட்டு மாடிப்படியில் ஓடினார். மாப்பிள்ளை படுக்கையிலேயேதான் இருந்தார், நெஞ்சில் ஒயர்களோடு. மச்சான் வருவதைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

சிரிக்காதீர்கள். சற்று முன்பு உள்ளேயிருந்து ஒரு குரல், "அடுப்பை அணைச்சாச்சா?" என்று கேட்டதே. நீங்களும் இந்தப் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஏதோ சொன்னீர்களே. என்ன சொன்னீர்கள்?