ஒரு மணிக்குப் பேசும் ஓட்டை

பழங்காநத்தம், மதுரை.
12-8-1988

பெங்களூரில் கம்ப்யூட்டரின் கெர்னலுக்கு வைத்தியம் பார்க்கும் என் அருமை மருமகன் பசுபதிக்கு, திருப்பரங்குன்றத்து முருகன் அருளாலும், மில் கேன்டீன் காபியைத் தாக்குப்பிடித்தும் உயிரோடிருக்கும் தாய்மாமன் மலைச்சாமி எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை.

எங்கள் மில்லின் யூனிக்ஸ் கம்ப்யூட்டர் மிஷினை உள்ளேயிருந்து ஆளும் அந்தக் கெர்னலில், நெல் லாரி நுழையும் அளவுக்கு ஓட்டை இருப்பதை நீ அறிவாய். எவன் எழுதுகிறான் என்று கேட்காமலே அடுத்தவன் திரையில் எழுத விட்டுவிடுகிறது. அதைக் கண்டுபிடித்த மகான் நானல்ல, மேனேஜர் ராஜாராமன். அவர் மேஜைக்குப் புது டெர்மினல் வந்த அன்று பகல் ஒரு மணிக்கு, அதன் திரையில் இங்கிலீஷ் எழுத்தில் 'சாப்டாச்சா மாப்ள' என்று வந்தது. வைகைக்கு அக்கரை வரை கேட்கும்படி கத்தினார். நான் துப்பறிந்து பார்த்தால், எழுதியவன் என்னோடு இதே மிஷினில் வேலை பார்த்த நம் நல்லகாமன். சித்திரையில் செத்துப்போனவன். எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட அந்த ஓட்டை வழியாக ஒரு புரோகிராம் எழுதி வைத்திருக்கிறான். மிஷினில் அவன் பெயரை எடுத்த பிறகும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

"செத்தவனுக்கு நான் எப்படிய்யா மாப்ள ஆவேன்?" என்றார் மேனேஜர்.

"அவனுக்கு எல்லாருமே மாப்ளதான் சார்."

சிரிப்பு அத்தோடு சரி. அவன் வேலையை அவன் மனைவி அன்னக்கொடிக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவன் நாற்காலியில்தான் உட்காருகிறாள். அவள் திரையிலும் 'மாப்ள' என்றுதான் வரும், ஆனாலும் தனக்கென்றே எடுத்துக்கொள்வாள். அது வந்த பிறகுதான் சோற்றில் கை வைக்கிறாள். ஓட்டையை அடைக்க நீ அனுப்பிய டேப்பை மிஷினில் ஓட்டினால் ஓட்டையும் அடைபடும், அவனும் அடைபடுவான். அவனுக்கு மட்டும் வழி விடக் கேட்டால், "மாமா, ஓட்டைன்னா எல்லாருக்கும் ஓட்டைதான், ஒருத்தருக்கு மட்டும் திறந்து வைக்க முடியாது" என்று டிரங்க்காலில் பாடம் நடத்துகிறாய். ராக்கெட் விடுகிற காலத்தில் இம்புட்டு சந்து விட முடியாதா? சமணர் மலையிலிருந்து கிடா சைசில் ஒரு எலி இறங்கி வந்து டேப்பைத் தின்றுவிட்டதென்று மேனேஜரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு சந்தை மட்டும் விட்டு, வேறு டேப் அனுப்பு.

உன் அம்மாவை முட்டிக்குத் தைலம் தேய்க்கச் சொல். கல்யாணமும் பிரமோஷனும் உனக்கு ஒரே முகூர்த்தத்தில் வாய்க்கட்டும்.

ஆசிகளுடன்,
மலைச்சாமி

பின்குறிப்பு: வேறு டேப் வேண்டாம். கடிதத்தைத் தபாலில் போடுமுன், எவனோ அதே ஓட்டையில் புகுந்து, நல்லகாமன் கூப்பிடுகிற மாதிரியே, 'அன்னம், வாசல்ல நிக்கிறேன், வா' என்று அவள் திரையில் அடித்துவிட்டான். அந்தப் பிள்ளை கேட் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "அண்ணே, அடைச்சிருங்க" என்றாள். உன் டேப்பையே ஓட்டிவிட்டேன். இன்று ஒரு மணிக்கு அவள் திரையைப் பார்க்காமலே சாப்பிட்டாள். எனக்குத்தான் இறங்கவில்லை.