உன் அக்கா தோளில் ஒட்டிய சீட்டு

அன்பு மைத்துனனுக்கு அத்தான் எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள், உன் அக்காவும் கோபத்தோடு நலமாக இருப்பாள். இக்கடிதத்தை அவள் காதில் விழும்படி சத்தமாகப் படி.

கண்டுபிடித்துவிட்டேன் மச்சான்! முப்பது வருஷம் கடைகடையாகத் தராசு சோதித்து முத்திரை குத்திய கை, ஓய்வு பெற்றால் சும்மா இருக்குமா? கதிர்வீச்சு அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கினேன். அடுப்படி கிரானைட்டில் வைத்தால் நிமிடத்துக்கு முப்பத்தொரு தடவை 'டிக்' என்கிறது. பாறைக்குள் யுரேனியமும் தோரியமும் பூமி பிறந்த நாளிலிருந்தே கிடக்கின்றனவாம். மொட்டை மாடிக்கு ஓடினால் வானத்திலிருந்து வருகிறது, கீழே ஸ்டோர் ரூமில் ஒளியலாமென்றால் மண்ணிலிருந்து ரேடான் வாயு கசிகிறது. போதாக்குறைக்கு மனுஷ உடம்பிலுள்ள பொட்டாசியமும் கதிர் விடுகிறதென்று புத்தகத்தில் போட்டிருந்தான். விடுவேனா? உன் அக்கா மதியம் கண்ணயர்ந்தபோது பக்கத்தில் வைத்து அளந்தேன். பழக்கதோஷம், 'பரிசோதிக்கப்பட்டது, நிமிடத்துக்கு 18' என்று சீட்டெழுதி, கிரானைட்டுக்கு ஒட்டின மாதிரியே அவள் தோளிலும் ஒட்டிவிட்டு மறந்தும் போனேன். அவள் சாயங்காலம் அப்படியே காய்கறி வாங்கப் போயிருக்கிறாள். கடைக்காரர் சீட்டை வாசித்துவிட்டு, "ஏம்மா, உங்கள யாரு செக் பண்ணது?" என்று கேட்டாராம். வரிசையே சிரித்ததாம். வீடு திரும்பியவள் நேரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. அவள் போனபின் அதே கட்டிலில் அதே இடத்தில் வைத்தால் இருபத்துமூன்று. நாலு நாளில் நாற்பது தடவை அளந்துவிட்டேன், இறங்கவே மாட்டேனென்கிறது. அவள் விடுவது கொஞ்சம், தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் வருவதை மறித்ததுதான் அதிகம். இந்த வீட்டிலேயே பத்திரமான இடம் அவள் பக்கம்தான். அது தெரியாமல் புத்திகெட்ட வேலை செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளை எப்படியாவது அனுப்பி வை.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். உன் அக்காவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, நீயே பார்த்துச் சொல்.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: இதை மட்டும் மனசுக்குள் படி. மறித்ததெல்லாம் உடம்பிலுள்ள தண்ணீர்தானாம். நேற்று கட்டிலின் இரண்டு பக்கமும் தண்ணீர் டிரம் வைத்துப் பார்த்தேன், பதினாறுக்கு இறங்கிவிட்டது. கணக்குப்படி உன் அக்கா எனக்குத் தேவையே இல்லை. ஆனால் டிரம்மோடு என்ன பேசுவது மச்சான்? மீட்டரைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஞாயிறு வரைக்கும் தாங்காது, நாளைக்கே அனுப்பு.