ஏழாம் எண் குடில் நின்ற இடம்

சேன்-மார்வென், 27 ஜூன் 1949, திங்கள்

அன்புள்ள ஃபெர்னான் அண்ணனுக்கு,

நான் நலம். லியோன் வெயிலில் நீங்கள் எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒரு கேள்வி: கடற்கரையில் நம் மரக்குடில் சரியாக எங்கே நின்றது? பதினெட்டுக் கோடைகள் அதற்குள் உடை மாற்றியவள் நான். எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை நீ குடும்பத்தோடு வருகிறாய், அதற்குள் இடம் உறுதியாகாவிட்டால் இந்தக் கோடை முழுக்க மீன்படகுகளுக்குப் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். முன்பு காசினோப் படிக்கட்டிலிருந்து தப்படி எண்ணுவோம்; காசினோ குண்டில் போனது, குடில்களை ஜெர்மன்காரர்கள் அடுப்பில் எரித்தார்கள், மிஞ்சியது அவர்கள் கட்டிவிட்டுப்போன கான்கிரீட் பங்கர் ஒன்றுதான், ஆகவே இனி அதன் வாசலிலிருந்து எண்ணலாம் என்றது நகரசபை. கூட்டத்தில் நான் எழுந்து, முப்பது தப்படி என்று அப்பா எப்போதும் சொல்வார் என்றேன். பக்கத்து இடத்துக்காரி மதாம் கெர்மாரெக் பின்னலிலிருந்து தலை நிமிரவில்லை.

"உங்கப்பா முப்பத்தொண்ணுலயே போயிட்டாரே, மாத்மொசெல். பங்கர் வந்தது நாப்பத்திரெண்டுல. எங்கேர்ந்து அளந்தாராம்?"

பள்ளியில் வரலாறு கற்பிப்பவள் நான், சபையே சிரித்தது. அவளுடைய அத்தாட்சி ஒரு பழைய புகைப்படம்: கோடுபோட்ட நீச்சலுடையில் அவள் கணவர், அவருக்குப் பின்னால் குடில் இருப்பதாக நாமே நம்பிக்கொள்ள வேண்டும். இதற்கிடையில், நாலு வருஷமாகப் பங்கரை இடி இடி என்று மனுப்போட்டவர்களே இப்போ இடிக்காதேன்னு வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார்கள், அது போய்விட்டால் யார் இடம் எதுவென்று ஒருத்தருக்கும் தெரியாதாம். வெடிமருந்து வந்துவிட்டது, திருப்பி அனுப்பப் படிவம் இல்லை என்கிறார் மேயர். நாளைக் காலை பத்து மணிக்கு வெடி. அதனால் இன்றே முப்பது தப்படி அளந்து கழி நட்டேன். ஒரு சாண் தள்ளி அவளும் நட்டாள்; அவளுடைய புதுக்குடில் பலகைகள் வண்டியில் தயாராக நிற்கின்றன.

அப்பா உண்மையில் என்ன சொன்னார் என்று எழுது. அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

உன் தங்கை,
ஒதீல்

பி.கு. செவ்வாய். வெடித்தார்கள். பங்கர் உடையவில்லை, முழுசாகக் கடல் பக்கம் பன்னிரண்டு தப்படி நகர்ந்து சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. அது இருந்த இடத்தில் ஆளுயரப் பள்ளம். பள்ளத்தில் ஒரு நீல எனாமல் தகடு: 7, நம் குடிலின் எண். அப்பா ஆணியடித்தபோது பெயர்த்த மூலை அப்படியே இருக்கிறது. மத்தியானத்துக்குள் கடல் பள்ளத்தை நிரப்பிவிட்டது. மதாம் கெர்மாரெக் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"இடம் உங்களுதுதான். நான் என்னிக்காவது இல்லேன்னேனா?"

மாலையில் என் கழியை என்னிடமே கொண்டுவந்து கொடுத்தாள். முப்பதாவது தப்படியில் இப்போது அவள் குடில் நிற்கிறது.