கம்பளி போர்த்திய பிஸ்தா ஐஸ்கிரீம்

புதிதாக ஒரு பாடத்தின் மேல் மயங்கிக் கிடப்பவனிடம் உருகக்கூடிய எதையும் கொடுத்தனுப்பக் கூடாது. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டில் எனக்கு வெப்பப் பரிமாற்றத்தின் மேல் காதலே வந்திருந்தது. (வேறு காதல் எதுவும் வராததும் ஒரு காரணம்.)

விழுப்புரத்தில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பாவுக்குத் திண்டிவனத்துக் கடை ஒன்றின் பிஸ்தா ஐஸ்கிரீம் என்றால் உயிர். "இங்கயே ஏதாச்சும் கடையில வாங்கிடலாம்" என்றாள் அம்மா. விடுவேனா? வீட்டு எவர்சில்வர் தூக்கைக் கையில் எடுத்து, ஒரு சொட்டு உருகாமல் கொண்டு வருகிறேன் என்று சபதம் போட்டேன். என்னை நம்பி அம்மா பாயசம்கூட வைக்கச் சொல்லவில்லை.

"மாமியார் வீட்டு ஆளுங்க முன்னாடி என்னை அசிங்கப்படுத்திடாதடா. என் மானமே உன் தூக்குலதான் இருக்குது" என்றாள் அக்கா.

கடைக்காரர் நீட்டிய தெர்மாகோல் பெட்டியைக் கம்பீரமாக மறுத்தேன். ஐஸ்கிரீமைத் தூக்கில் வாங்கி, சுற்றிலும் மூடிமேலும் கையோடு கொண்டுபோயிருந்த கம்பளியைப் போர்த்தினேன். என்னோடு விழுப்புரம் வரக் கிளம்பியிருந்த திண்டிவனத்து அத்தை பதறினார்.

"இன்னாடா இது, ஐஸுக்குப் போயி கம்பளி போத்துற? வெந்துடும்டா!"

"கம்பளி சூடு தராது அத்தை. வெளிச் சூட்ட உள்ள விடாது, அவ்ளோதான்."

"அப்ப அடியில?"

"சூடு மேலதான அத்தை போகும்? அடியில எதுக்கு?"

(மேலே போவது சூடான காற்று மட்டும்தான்; சூடு எந்தப் பக்கமும் போகும். பரீட்சையில் இதைச் சரியாக எழுதியவன்தான் நான்.)

பஸ்ஸில் கூட்டம். டிரைவர் இரக்கப்பட்டுத் தன் பக்கத்திலிருந்த இன்ஜின் பேனட்டைக் காட்டினார். ஒரு ஓரம் அத்தை, மறு ஓரம் நான், நடுவில் மகாராணி மாதிரி தூக்கு.

வண்டி நகர்ந்ததும் நான் கரைந்துபோனேன். மயிலம் பக்கம் தார்ச்சாலைக்கு மேல் காற்று தண்ணீர்போல நெளிந்தது. பனைமரங்கள் அதில் மிதந்தன. பாதி உறக்கத்தில் உலகமே ஒரு கல்யாணப் பந்தியாகத் தெரிந்தது. வரிசையில் நிற்பவர்கள் நகராமல் கைக்குக் கை சாம்பார் வாளியை மாற்றினார்கள். அது வெப்பக் கடத்தல். ஒருவர் வாளியோடு இலை இலையாக நடந்தார், அது வெப்பச்சலனம். யாரோ தூரத்திலிருந்து அட்சதை வீச, நடுவில் எவர் துணையுமின்றி அது என் தலையில் விழுந்தது; அதுதான் கதிர்வீச்சு. சூரியன் அத்தனை கோடி மைலுக்கு அப்பாலிருந்து என்னை ஆசீர்வதித்துக்கொண்டிருந்தது.

"டேய், இந்த எடம் ஏன்டா இப்புடிச் சுடுது? உக்காரவே முடியல, ஒரே பேஜாரா கீது!"

எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "அதான் அத்தை கடத்தல்! அடியில இன்ஜின் கொதிக்குது. அந்தச் சூடு தகடு வழியா நேரா உங்களுக்கு ஏறுது!"

"எனக்கே ஏறுதுன்னா..." என்று அத்தை தூக்கைப் பார்த்தார். நான் அதற்குள் மறுபடி சூரியனுக்குப் போய்விட்டேன்.

விக்கிரவாண்டி டோலில் டிரைவர் பிரேக் போட்டார். தூக்குக்குள்ளிருந்து 'தளக்' என்று ஒரு சத்தம். கெட்டி ஐஸ்கிரீம் தளும்பாது. இதற்கு எந்தச் சமன்பாடும் தேவைப்படவில்லை.

மண்டபத்தில் பந்தி முடியும் நேரம். சமையல்கட்டில் அக்கா தூக்கின் மூடியைத் திறந்தாள். வெதுவெதுப்பான பச்சைக் கடல். அவள் கண்ணும் தளும்பியது. என்னைப் பார்த்தாள்; நான் தரையில் புதைய இடம் தேடினேன். வெளியே மாப்பிள்ளையின் அப்பா, "இனிப்பு இன்னும் வரலியே?" என்றார்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கரண்டியை எடுத்தாள். டம்ளர்களில் ஊற்றினாள். முந்திரியைத் தூவித் தானே கொண்டுபோய் வைத்தாள்.

அவர் ஒரு மடக்கு குடித்தார். டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாயசம்மா இது?"

"பிஸ்தா பாயசம், மாமா."

"எங்கயும் இப்புடிக் குடிச்சதில்ல. இன்னொன்னு ஊத்து."

அன்றைக்கு அக்கா தப்பித்தாள். கல்யாணத்துக்குப் பிறகுதான் மாட்டிக்கொண்டாள். அந்த வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் மருமகள் கைப்பக்குவத்தில் பிஸ்தா பாயசம் வேண்டுமாம். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஐஸ்கிரீம் டப்பாவை அடுப்போரம் வைத்துவிட்டு, எனக்குத்தான் போன் போடுவாள்.

"டேய் இன்ஜினியரு, மாமியார் கதவ தட்டினு இருக்காங்க, இந்தச் சனியன் உருகவே மாட்டேங்குது. ஜல்தி ஒரு பஸ்ஸ ஓட்டிக்கினு வா!"