ஆயத்தக்காரர் மீரானும் நாலு தந்தியும்

மனிதர்களில் ஆயத்தக்காரர் என்று ஓர் இனம் உண்டு. சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறி உட்கார்ந்திருப்பான்; இவர் உட்காரவே மாட்டார். ஒரு காரியத்தைத் தொடங்க என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் தேடி, வாங்கி, துடைத்து, எண்ணெய் போட்டு, முடுக்கி, தளர்த்தி, மறுபடியும் முடுக்கி, இன்னும் ஒரே ஒரு சாமான் வந்துவிட்டால் தொடங்கிவிடலாம் என்கிற இடத்துக்கு வந்து சேருவார். அங்கேயே குடியிருப்பார்.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். "எப்ப ஆரம்பிக்கிறீங்க?" என்று கேளுங்கள். "எல்லாம் ரெடி" என்பார். அந்த 'எல்லாம் ரெடி'க்குப் பின்னால் ஒரு 'ஆனா' வரும். வராவிட்டால் அவர் வேறு இனம், விட்டுவிடுங்கள்.

திண்டுக்கல் பேகம்பூரில் தோல் கமிஷன் வியாபாரம் செய்துவந்த மீரான் இந்த இனத்தின் அசல் வாரிசு. வியாபாரத்தில் அல்ல. வியாபாரத்தில் கெட்டிக்காரர், ஒரு தோலைத் தடவிப் பார்த்தே ஆடு எந்தப் பக்கத்து ஆடு என்று சொல்லிவிடுவார். சங்கதியெல்லாம் சங்கீதத்தில்தான். மதராசுக்குச் சரக்கு விஷயமாகப் போனவர், கப்பலேறி ஆஸ்திரேலியா போகவிருந்த ஒரு பெரம்பூர் ஆங்கிலோ-இந்தியரிடமிருந்து பேஸ் கிட்டார் ஒன்றை வாங்கிக்கொண்டு ரயிலில் வந்து இறங்கினார். சாதாரண கிட்டாரைவிட நீளம். ஆறுக்குப் பதில் நாலே தந்தி, ஒவ்வொன்றும் கிணற்று வாளிக்குக் கட்டலாம் போல் தடிமன். அது வீட்டுக்கு வந்த பிறகு மூன்று ரமலான் நோன்பு கழிந்துவிட்டது. அதுவரைக்கும் அதில் ஒரு முழுப் பாட்டு வாசித்து அவர் மனைவி ஷரீஃபா கேட்டதில்லை.

முழுப் பாட்டு என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். சத்தம் கேட்டிருக்கிறாள். நிறையக் கேட்டிருக்கிறாள். "டும்" என்று ஒன்று வரும். அடுத்த "டும்" வருவதற்குள் உலை கொதித்து அடங்கிவிடும். நடுவில் மீரான் காதைத் திருகுவார், கிட்டாருடைய காதைத்தான். பிறகு ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் போய் ஒரு குமிழைத் திருப்புவார். பிறகு கண்ணை மூடி யோசிப்பார். பிறகு கடைக்குக் கிளம்பிவிடுவார்.

அவளுக்கு ஆசை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு பாட்டு, தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும். நாத்தனார் நர்கீஸ் வரும்போதெல்லாம், "அண்ணன் வாசிச்சு நீங்க கேட்டிருக்கீங்களா மதினி?" என்று தேனாகக் கேட்பாள். "ஆமா" என்றால் பொய். "இல்லை" என்றால் நர்கீஸுக்கு அன்றைக்கு வெஞ்சனமே வேண்டாம், அதைத் தொட்டுக்கொண்டே சாப்பிட்டுவிடுவாள்.

ஆனால் பாட்டு எப்படி வரும்? முதலில் ஒலிபெருக்கிப் பெட்டி சரியாக வேண்டாமா? ரேடியோ ரிப்பேர் செய்யும் சங்கிலி என்பவரைப் பிடித்து வால்வு போட்ட ஆம்ப்ளிஃபயர் ஒன்று கட்டச் சொன்னார் மீரான். பெரிய ஸ்பீக்கர் வந்தது. அதற்குக் கூடு வேண்டும். இரும்புப் பெட்டிக்கும் பூட்டுக்கும் பேர்போன ஊரில் இருந்துகொண்டு மரப்பெட்டி செய்வாரா ஒருவர்? சத்தம் ஒரு பொட்டுகூட ஒழுகக் கூடாது என்று நகை வைக்கும் பெட்டி செய்கிறவரிடமே இரும்பில் செய்துவாங்கினார். முதல் "டும்"மில் பெட்டி, பெட்டி மேலிருந்த கூஜா, கூஜா மேலிருந்த டம்ளர், அடுத்த வீட்டுத் தகரக் கொட்டகை எல்லாம் சேர்ந்து பாடின. பிறகுதான் மரத்துக்கு வந்தார். மரத்துக்குள்ளே எதிரொலி அதிகம் என்று உட்பக்கம் ஆட்டுத்தோல் அடித்தார். சரியாகப் பதப்படாத தோல். சத்தம் அடங்கியது, வாசம் அடங்கவில்லை. வருகிற விருந்தாளிகள் பெட்டியைப் பார்க்காமலே அது எந்த அறையில் இருக்கிறது என்று கண்டுகொண்டார்கள்.

அடுத்தது பிக்கப். தந்திக்கு அடியில் பதிந்து அதன் அதிர்வைப் பிடித்துப் பெட்டிக்கு அனுப்புகிற காந்தப் பட்டை. அது தந்திக்கு எத்தனை அருகில் இருக்க வேண்டும் என்பதில் மீரானுக்கும் சங்கிலிக்கும் நடந்த விவாதம், இரண்டு ஊர் ஜமாஅத்துகள் பிறை பார்ப்பதில் நடக்கும் விவாதத்துக்குக் குறைந்ததல்ல. அடியில் தோல் சீவலை வைத்து மீரான் ஒரு நூல் அளவு உயர்த்துவார். "இப்ப கும்முனு இருக்கு. ஆனா தெளிவு போயிருச்சு." எடுப்பார். "தெளிவு வந்துருச்சு. ஆனா கும்மு எங்கடா?"

"ரெண்டும் வேணுமுன்னா ரெண்டு கிட்டார் வாங்குங்க பாய்" என்றார் சங்கிலி, அலுத்துப்போய்.

மீரான் அதை யோசிக்க ஆரம்பித்ததைப் பார்த்து ஷரீஃபா உள்ளேயிருந்து, "அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க!" என்று கத்தினாள்.

இப்படி இருக்கையில், இன்னிசைக் குழு நடத்திவந்த பொன்னழகு வந்து நின்றான். அக்கார்டியன் வாசிப்பவன், தோளில் மாட்டிய பெட்டியை இறக்கியபின்னும் தோள் சாய்ந்தே நிற்கும். வெங்காய மண்டி பெருமாள்சாமி மகள் கல்யாண வரவேற்புக் கச்சேரி அவனுக்குக் கிடைத்திருந்தது.

"பாய், ஒவ்வொரு தடவையும் அடுத்த கச்சேரிக்கு அடுத்த கச்சேரிக்குன்னு சொல்லிட்டீங்க. இந்தத் தடவை நீங்க மேடையில இருக்கீங்க."

"எல்லாம் ரெடி பொன்னழகு. ஆனா..."

"ஆனா கீனா கெடையாது."

"இருப்பாரு" என்றாள் ஷரீஃபா கதவுக்குப் பின்னாலிருந்து. "நானும் வாரேன். நர்கீஸையும் கூட்டிட்டு வாரேன்."

வாய் தவறி வந்த வார்த்தை அல்ல. ஒரு முடிவு கட்டிவிடும் எண்ணத்தோடு சொன்னது.

கல்யாணத்தன்று காலையில் ஷரீஃபா அடுப்படிக்குப் போனால், பிரியாணி ஆக்கும் தேக்சாவில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறது. எட்டிப் பார்த்தாள். உள்ளே நாலு தந்தியும் சுருண்டு புரண்டுகொண்டிருந்தன.

"என்னங்க இது?"

"பழைய தந்தி. வியர்வை ஏறிப்போய் மந்தமாக் கெடந்துச்சு. கொதிக்க வச்சா அழுக்கு எறங்கிப் புதுசா ஆயிரும். கிட்டாரு வித்த அந்த மதராஸ்காரரு சொன்னாரு."

"வாசிக்கவே இல்ல. வியர்வை எங்கேருந்து ஏறுச்சு?"

மீரான் கரண்டியால் ஒரு கிளறு கிளறினார்.

"எங்கத்தா சீர் குடுத்த தேக்சா அது."

"செத்த நேரந்தான். வெந்துரும்."

"உப்புப் போட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் வெளியே போனாள். வேறென்ன செய்வது?

தந்தி வெந்தது. மத்தியானம் துடைத்து, காயவைத்து, மறுபடி பூட்டினார். கழற்றிப் பூட்டிய தந்தி இழுத்துப் பிடித்து நிற்க ஒரு நாளாவது ஆகும் என்பதை அந்த மதராஸ்காரர் சொல்லவில்லையோ, சொல்லும்போது இவர் வேறெதையாவது சரிசெய்துகொண்டிருந்தாரோ, தெரியாது. சாயங்காலம் பந்தலில் சுருதி சேர்த்தார். சேர்ந்தது. அடுத்த தந்திக்குப் போனார். முதல் தந்தி இறங்கியது. அதை ஏற்றினார். அடுத்தது இறங்கியது. மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பெண்கள் பக்கம் முன்வரிசையில் ஷரீஃபா, பக்கத்தில் நர்கீஸ்.

"ஆரம்பிக்கலாமா பாய்?" என்றான் பொன்னழகு பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீங்க ஆரம்பிங்க. நான் ரெண்டாவது பாட்டுல சேந்துக்கிறேன்."

ரெண்டாவது பாட்டு வந்தது, போனது. இதற்கிடையில் டோலக் வாசிக்கும் முத்துச்சாமியின் மைக்குக்கு இருந்த வாடகை ஆம்ப்ளிஃபயர் ஒரு சீழ்க்கை அடித்துப் புகையோடு அடங்கியது. பொன்னழகு சுற்றுமுற்றும் பார்த்தான். மீரானின் பெட்டி சும்மா நின்றது, வாய்க்குள் சிவப்பு விளக்கு எரிய. எந்த வேலையும் இல்லாமல், எல்லாம் ரெடியாக. டோலக் மைக்கின் ஒயரை எடுத்து அதில் செருகினான்.

முத்துச்சாமி இடது கையால் ஒரு தட்டுத் தட்டினார். பந்தல் திரும்பிப் பார்த்தது. அப்படி ஒரு கும்! அப்படி ஒரு தெளிவு! தோல் அடித்த பெட்டி, அளந்து வைத்த குமிழ், மூன்று நோன்புக்கால உழைப்பு, அத்தனையும் முத்துச்சாமியின் இடது உள்ளங்கைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. பந்தி பரிமாறுகிறவர்கள் தாளத்துக்கு நடந்தார்கள். மீரானோ தலை கவிழ்ந்து, கிட்டாரைக் காதோடு ஒட்டிவைத்து, மூன்றாவது தந்தியைத் திருகிக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்து பார்க்க, மெய்ம்மறந்து வாசிப்பது போலவே இருந்தது.

"அண்ணன் பின்றாரு மதினி!" என்றாள் நர்கீஸ். உண்மையாகவே சொன்னாள், கண்ணில் தண்ணீர்கூட எட்டிப் பார்த்தது.

ஷரீஃபா முத்துச்சாமியின் கையைப் பார்த்தாள். நாத்தனாரை ஜெயித்தாகிவிட்டது. ஆனால் ஜெயித்தது முத்துச்சாமி.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து மீரான் வீட்டுக்கு வந்து சேர நேரமாகிவிட்டது. வழியெல்லாம் பாராட்டு. பெருமாள்சாமி மண்டி வாசலிலேயே நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

"என்னா சத்தம் பாய்! நெஞ்சுல வந்து இடிச்சுச்சு. சம்பந்தி வீட்டுக்காரங்க அசந்துட்டாங்க அப்பு!" என்றாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள் ஷரீஃபா, சோறு போட்டபடி.

"கும்மு கொஞ்சம் தூக்கலாப் போச்சு, அடுத்த தடவை கொறைச்சுக்கலாமுன்னேன்."

"முத்துச்சாமி அண்ணனோட இடது கைக்கு ஒரு நா விருந்து வைக்கணும்."

மீரான் சிரிக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மனிதர் வாடித்தான் போயிருந்தார். அப்போது கரண்டு போயிற்று. விசிறி முனகி நின்றது. பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. திருப்பக் குமிழ் இல்லை, ஏற்ற பிக்கப் இல்லை. தந்தியோ ஒரு ராத்திரி கிடந்ததில் தானாகவே சுருதியில் நின்றது. சரிசெய்வதற்கு உலகத்தில் எதுவுமே மிச்சமில்லாமல், பாவம், அவர் கிட்டாரை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார்.

பெட்டி இல்லாமல் பேஸ் கிட்டார் என்பது பக்கத்து அறையில் யாரோ மாவு மூட்டையைத் தட்டுகிற மாதிரி. ஷரீஃபா நெருங்கி வந்து உட்கார்ந்தாள்.

"இம்புட்டுத்தானா?"

"இதுக்கு மேல பாட்டு வரணும். அடியில நிக்கிறதுதான் இது. நீ பாடு, தெரியும்."

"நானா?"

"வேற யாரு இருக்கா?"

ஊரெல்லாம் ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்த ஒரு சினிமாப் பாட்டை அவள் முணுமுணுத்தாள். அப்போதுதான் தெரிந்தது. அவள் குரல் எங்கே நடந்தாலும் அடியில் ஒரு பலகை வந்து விழுந்தது. பல்லவி போனது. முதல் சரணம் போனது. மனிதர் நன்றாகவே வாசித்தார். அதுதான் அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது: இத்தனை நாளும் இது இங்கேதான் இருந்திருக்கிறது! கடைசிச் சரணத்துக்குள் நுழைந்தார்கள்.

விசிறி சுற்றியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

மீரானின் கை நின்றது. முகத்தில் பழைய ஒளி. "கரண்டு வந்துருச்சு! செத்த இரு, இதப் பெட்டியில போட்டுக் கேட்டா எப்படி இருக்குங்கிறே..." என்று ஒயரைத் தேடினார்.

ஷரீஃபா எழுந்தாள். வாசலுக்குப் பக்கத்தில் மீட்டர் பலகை. பியூஸ் கட்டையை ஒரே இழுப்பில் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். விசிறி நின்றது.

"கரண்டு போயிருச்சு" என்றாள்.

மீரான் ஜன்னல் வழியாகப் பார்த்தார். "எதிர் வீட்ல விசிறி ஓடுதே?"

"அது வேற லைனு."

"நேத்து வரைக்கும் ஒரே லைனாத்தானே இருந்துச்சு?"

"விட்ட எடத்துலருந்து வாசிங்க."

அவருக்குப் புரியவில்லை என்றா நினைக்கிறீர்கள்? தோலைத் தடவி ஆட்டைச் சொல்கிறவர். அவளுடைய இடுப்பைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். பாட்டு முடிந்தது. முழுசாக முடிந்தது. கடைசித் தந்தி அடங்கியது. அடங்கியதும் மீரான், "நடுவுல ரெண்டாவது தந்தி கொஞ்சம்..." என்று ஆரம்பிக்க, "ஒண்ணும் இல்ல" என்றாள் ஷரீஃபா.

பியூஸ் கட்டை அன்று சாயங்காலம் அஸர் தொழுகைப் பாங்கு வரைக்கும் அவள் இடுப்பில்தான் இருந்தது.

மீரானை நினைத்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்க உட்காரும் முன் மூக்குக்கண்ணாடியை இரண்டு தடவை துடைத்து, நாற்காலியை வெளிச்சத்துக்குத் திருப்பி, அது ஆடுகிறதென்று காலுக்கு அடியில் காகிதம் மடித்து வைத்து, காப்பி வரட்டும் என்று காத்திருந்தவர் யார்? நெடுநாளாக 'எல்லாம் ரெடி, ஆனா' என்று வைத்திருக்கிற அந்தக் காரியம் என்ன? சொல்ல வேண்டாம். எழுந்து போய், உங்கள் வீட்டு மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் யாராவது சும்மா நிற்கிற மாதிரி நிற்கிறார்களா என்று மட்டும் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.